இரண்டு பொத்தான்களின் மேர்

ரெட்டியார்பாளையம் சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய ஸ்கூட்டரின் பின்விளக்கு உடைந்திருந்தது. பின்னால் நின்ற பைக்காரர்தான் உடைத்தார் என்று அவர் கத்த, தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை என்று பைக்காரர் சத்தியம் செய்ய, சுற்றி நின்ற நாங்கள் ஆளுக்கொரு தீர்ப்பை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டோம். அப்போது பைக்குக்கும் பின்னால் நின்றிருந்த ஒரு அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“நான்தாங்க இடிச்சேன். நான் இடிச்சதுல அவரு வண்டி போயி உங்க வண்டில மோதிடுச்சி.”

சண்டை அப்படியே நின்றது. பச்சை விழுந்து எல்லோரும் கிளம்பினார்கள். நான் மட்டும் கிளம்பவில்லை. பின்னால் ஹாரன்கள். அந்த வாக்கியத்தை அந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. சுற்றி நின்றவர்களில் ஒரு வக்கீல் இருந்திருந்தால்கூட முடியாது. இரண்டு ஆண்டுகளாக நான் சட்டப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்த வழி அதுதான் என்பது நடுரோட்டில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே எனக்கு உறைத்தது. ஒருவருக்காகத்தான் அந்த வழியைத் தேடினேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் அவரை மேர் அக்கா என்று கூப்பிட்டோம். மேர் என்றால் பிரெஞ்சில் நகரத் தலைவர். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அக்கா மேராக இருந்த நகரம் புதுச்சேரி இல்லை. அது இணையத்தில் இருந்தது.

கணினியைத் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு உலகம். அங்கே நமக்கென்று ஒரு உருவம். நடக்கலாம், பேசலாம், நிலம் பிடித்து வீடு கட்டலாம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்தும் உலகம் அது. புதுச்சேரியில் இருப்பவர்களும் இங்கிருந்து பிரான்சுக்குப் போய்விட்டவர்களுமாக நாற்பது பேர் சேர்ந்து அதில் ஒரு நகரம் கட்டியிருந்தோம். புதுக்கரை என்று பெயர். கடல், கடலோரச் சாலை, காகிதப்பூக் கொடி ஏறிய சுவர்கள், நடுவே ஒரு மேரி, அதாவது நகர மன்றக் கட்டடம். நான் அதில் சேர்ந்தபோது சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் இருந்ததைவிடப் புதுக்கரையில் இருந்த நேரம் அதிகம்.

அக்கா மேரானது தேர்தலில் ஜெயித்து அல்ல. நிறுவனத்தின் விதிப்படி ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரே ஒரு உரிமையாளர்தான் இருக்க முடியும். அவர்தான் ஒப்பந்தத்தில் ‘சம்மதம்’ அழுத்த வேண்டும். யார் அழுத்துவது என்ற பேச்சு வந்தபோது, “இத யாராச்சும் முழுசா படிச்சீங்களா?” என்று ஒரு பெண்குரல் கேட்டதாம். ஒருவரும் படித்திருக்கவில்லை. “அப்ப நான்தான்” என்றாராம் அக்கா. அறுபத்து மூன்று பக்கத்தையும் படித்தவர் அவர் ஒருவர்தான். படிக்காமலே அழுத்தத் தயாராக இருந்த முப்பத்தொன்பது பேருக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே அவருடைய உருவம் மொட்டைத் தலையோடு இருக்கும். சேரும்போது நிறுவனம் இலவசமாகக் கொடுப்பது மொட்டைத் தலையும் சாம்பல் சட்டையும்தான். மற்றவர்கள் முதல் நாளே முடி வாங்கி, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொள்வார்கள். அக்கா கடைசிவரை எதையும் மாற்றவில்லை. “வேளாங்கண்ணிக்கு வேண்டிகிட்டீங்களா மேர்?” என்று யாராவது கிண்டல் செய்தால், “ஆமா, நீங்கள்லாம் சண்ட போடாம இருந்தா வளத்துக்கறேன்னு வேண்டிகிட்டேன்” என்பார். அவர் பேசும்போது பின்னால் எப்போதும் குக்கர் விசில் கேட்கும்.

உரிமையாளர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, புகார் பார்ப்பது. நகரத்தில் யாராவது யார் மீதாவது புகார் கொடுத்தால் அது உரிமையாளர் திரையில் வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘நீக்கு’, ‘விடு’. ஒரு நாளுக்குள் இரண்டில் ஒன்றை அழுத்தியாக வேண்டும். மூன்றாவது பொத்தான் கிடையாது. ‘விசாரிக்கிறேன்’ என்று சொல்ல வழியே இல்லை. நாடாளுமன்றம் இல்லை, நீதிமன்றம் இல்லை, இரண்டு பொத்தான். நாற்பது பேருடைய உலகம் அதில் ஓடியது. இதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. அரசமைப்பு வகுப்பில் படித்ததெல்லாம் இங்கே ஒரு ஆளின் கட்டைவிரலில் இருக்கிறதே என்று.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எந்தப் புகார் வந்தாலும் முதலில் ‘விடு’ அழுத்திவிடுவார். கடிகாரம் நின்றுவிடும். பிறகு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இரண்டு தரப்பையும் மேரிக்கு வரச் சொல்வார். ஒருவர் எழுதிய புகாரை மற்றவர் தன் வாயால் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும். பதிலை முதலாமவர் படிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் தப்பு என்று தெரிந்தால் அக்காவே தன் பெயரில் புதிதாகப் புகார் போட்டு, அதன்மேல் ‘நீக்கு’ அழுத்துவார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கையால் குறிப்பு எழுதிக்கொள்வார். பேனா உரசும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கும்.

நான் பார்த்த முதல் ஞாயிறு ஒரு சுவர் வழக்கு. மூலக்குளத்தில் டயர் கடை வைத்திருப்பவர் ஒருவர் புதுக்கரையில் தன் வீட்டுக்கு உயரமாகச் சுவர் எழுப்பிவிட்டார். பின்வீட்டுக்காரர் பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்பவர். சுவரால் தனக்குக் கடல் மறைந்துவிட்டது என்று புகார். இல்லாத சுவர், இல்லாத கடல், இதற்கு இரண்டு பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் என்னென்னவோ திட்டியிருந்தார்கள். அக்கா அந்தப் புகாரை டயர் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் கடுப்போடு ஆரம்பித்தார். ‘விடியறதுக்கு முன்ன வேலைக்குப் போறேன், இருட்டுல திரும்பறேன், பத்து நிமிஷம் நம்ம ஊர் கடலப் பாத்துட்டுத் தூங்கலாம்னுதான் இங்க வரேன்’ என்ற இடம் வந்ததும் குரல் தடுமாறியது.

“ரெண்டு வரிச கல்லு எடுத்துட்டா போதுமா பாருங்க” என்றார் கடைசியில்.

“மூணு வரிச” என்றார் பாரீஸ்காரர்.

அக்கா குறிப்பில் மூன்று என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு நான் அவருக்கு ரசிகையாகிவிட்டேன்.

ரசிகையாவது சுலபம், கூட இருப்பது கஷ்டம். ஒருமுறை நேரில் சந்தித்தோம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில். நாற்பது வயது இருக்கும், சின்ன உருவம், தோளில் தாள்கள் பிதுங்கும் ஒரு பை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கும் பென்ஷனுக்கும் விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்குக் கோப்பு தயார் செய்து கொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் அவருக்கு வேலை. கோப்பை அங்கே தொசியே என்பார்கள். ஞானஸ்நானச் சான்றில் ஒரு தேதி பிசகினால் தொசியே திரும்பி வரும், பல நேரம் காரணம் எழுதாமலே. இருபது வருடமாகத் திரும்பி வரும் தொசியேக்களைப் பார்த்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, “முடியாதுன்னு சொல்றவங்க ஏன்னு சொல்லணும் பாப்பா. அதுக்கப்புறம் முடியாதுன்னு சொல்லட்டும்” என்பார்.

அன்று டீ கேட்டோம், காபி வந்தது. நான் வள்ளென்று விழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, கடைக்காரரிடம் என்ன ஆச்சு என்று விசாரித்தார். டீத்தூள் தீர்ந்துவிட்டதாம், வாங்கப் போன ஆள் இன்னும் வரவில்லையாம், அதற்குமேல் அந்த ஆளின் மாமியார் உடம்பு வரை கதை போனது. காபி ஆறியது. எனக்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கேட்டார். தன் வீட்டில் பிள்ளைகள் இருவரும் அடித்துக்கொண்டால் எட்டு மணிச் சோறு பத்து மணிக்குத்தான் என்று அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். எல்லாவற்றுக்கும் இவ்வளவு நேரமா? நான் வேகமான ஆள். பரீட்சையில் முதலில் எழுந்து பேப்பர் கொடுப்பவள்.

பிறகு தொப்பிக்காரன் வந்தான்.

அவன் பெயர், ஊர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. தொப்பி வைத்த ஒரு உருவம், அவ்வளவுதான். புதுக்கரையில் நான் எங்கே போனாலும் எனக்கு ஒரு அடி பின்னால் வந்து நிற்பான். பேச மாட்டான். தொட மாட்டான். நான் கடலோரம் போனால் கடலோரம். மேரிக்குள் போனால் மேரிக்குள். வெளியேறி மறுபடி வந்தால் நான் தோன்றும் இடத்தில் நிற்பான். அந்த உலகத்தில் ஒருவரைத் தன் கண்ணுக்கு மட்டும் மறைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. மறைத்தேன். அது இன்னும் மோசம்: அவன் நிற்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் போனது. மறைத்ததை எடுத்துவிட்டேன். மூன்று வாரம் இப்படி. என் அறையில் நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் சுவர்தான் என்று தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்ப்பேன்.

விதிகளைப் புரட்டினேன். அடிப்பது, திட்டுவது, திருடுவது எல்லாம் இருந்தது. நிற்பது இல்லை. புகார் கொடுத்தேன். சில நிமிடத்தில் என் திரையில் பதில்: ‘உங்கள் புகார் விடப்பட்டது.’

அது அக்காவின் வழக்கம்தான், கடிகாரத்தை நிறுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நேராக மேரிக்குப் போனேன். அவனும் வந்து என் பின்னால் நின்றான்.

“அக்கா, மூணு வாரமா பின்னாடியே நிக்கறான். இதுல அவன் சொல்றதுக்கு என்ன இருக்கு?”

“இருக்கலாம், இல்லாமயும் போலாம். கேக்காம எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு மூச்சு முட்டுதுக்கா.”

“தெரியுது பாப்பா. ஞாயித்துக்கெழமதான், இன்னும் நாலு நாளு. அதுவரைக்கும் என் பக்கத்துலயே நில்லு.”

நாலு நாள். எனக்கு அந்தச் சொல்தான் காதில் நின்றது. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு திரையின் மூலையில் இருந்த பட்டியலைத் திறந்தேன். ‘நகர உரிமையாளர் மீது புகார்’ என்று ஒன்று இருந்தது. காரணம் கேட்டது, எழுத இடம் இல்லை, இருக்கிற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘தாமதம்’ என்று ஒன்று இருந்திருந்தால் அதை அழுத்தியிருப்பேன். அது இல்லை. ‘தொல்லை கொடுப்பவர்களுக்குத் துணைபோகிறார்’ என்று இருந்தது. அழுத்தினேன்.

அந்த நேரம் அக்கா வேறொருவரோடு, தெருவிளக்கு சம்பந்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். “இருங்க, அவரும் சொல்லட்டும், அப்புறமா” என்ற இடத்தில் குரல் அறுந்தது. குக்கர் விசில் அறுந்தது. மொட்டைத் தலைக்கு மேல் சிவப்பில் ஒரு வரி வந்தது: ‘கட்டுப்படுத்தப்பட்ட கணக்கு’.

மனிதர் யாரும் இதைப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு இயந்திரம் எண்ணிப் பார்த்திருக்கிறது. இந்த உரிமையாளர் மற்றவர்கள் கொடுத்த எல்லாப் புகாரையும் ‘விடு’ என்று அழுத்தியிருக்கிறார். அப்படியானால் துணைபோகிறார். கணக்கு சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கணக்கில் இல்லை.

கட்டுப்படுத்தப்பட்ட கணக்கால் பேச முடியாது, எழுத முடியாது, எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாது. உள்ளே வரலாம், நடக்கலாம், கேட்கலாம். அவ்வளவுதான். அவருடைய இரண்டு பொத்தான்களும் போனதால் தொப்பிக்காரனை நீக்க இனி புதுக்கரையில் ஆளே இல்லை. நகரப் புகார்களை உரிமையாளர்தான் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் என் புகாரைத் திருப்பி அனுப்பியது. அவன் வந்து நின்றான். என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளின் வாயை நானே கட்டிவிட்டு, அவனோடு ஒரே அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை நான் உள்ளே போனபோது மொட்டைத் தலை அங்கே இருந்தது. என்னைப் பார்த்ததும் நடந்து வந்தது. எனக்கும் தொப்பிக்காரனுக்கும் நடுவில் வந்து நின்றது. அவன் சுற்றிக்கொண்டு வந்தான். அதுவும் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. நான் கடலோரம் போனேன். மூன்று பேரும் வரிசையாகப் போனோம். பேசாமல், ஒரு சொல் இல்லாமல், நான் இருக்கும் நேரமெல்லாம் அவர் நடுவில் நின்றார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் அவன் வரவில்லை; பிறகு வரவே இல்லை. அவன் யார், எதற்கு நின்றான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஊமையாகி நின்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். மேல்முறையீட்டை உங்கள் கணக்குக்குள் இருந்துதான் செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. கணக்குக்குள் போனால் மேல்முறையீட்டுப் பொத்தான் மங்கிக் கிடந்தது. கட்டுப்படுத்தப்பட்ட கணக்கால் எதையும் அழுத்த முடியாதே. மறுபடி எழுதினார். அதே பதில், எழுத்து மாறாமல். ஒன்பது முறை.

நாங்கள் ஐந்தாறு பேர் அவருடைய அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஒன்பது பதில்களையும் அச்செடுத்து, நாடா கட்டி ஒரு தொசியே செய்து வைத்திருந்தார். எங்களுக்குப் பிஸ்கட் வைத்தார். பேச்சு வாக்கில் சாதாரணமாகத்தான் சொன்னார்:

“என்மேல யாரோ புகார் குடுத்திருக்காங்க. அவங்களப் பாக்கணும்னு இருக்கு. கோவம்லாம் இல்ல. நான் பண்ணதுல எது அவங்களுக்குத் தப்பாப் பட்டுதுன்னு தெரிஞ்சா போதும்.”

சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, யாருக்காவது தெரிந்திருக்குமோ என்ற ஆசையில். என் வாயில் பிஸ்கட் இருந்தது. அதன்பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. புதுக்கரைக்கும் போகவில்லை.

போகாமல் என்ன செய்தேன்? படித்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் வெறியோடு படித்தேன். அந்த உலகம் எந்த நாட்டுச் சட்டத்துக்குள் வருகிறது? ஒப்பந்தமோ, சண்டை வந்தால் வெளிநாட்டு நகரம் ஒன்றில் நடுவர் முன்னால் வாருங்கள் என்கிறது. நாற்பது பேர் கட்டிய நகரம் யாருக்குச் சொந்தம்? ஒரு நிறுவனம் தன் இடத்தில் அரசு மாதிரி நடந்துகொண்டால் அரசிடம் கேட்கிற கேள்விகளை அதனிடம் கேட்கலாமா? நான் பயிற்சிக்குப் போன சீனியர் வக்கீலிடம் இதையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “சம்பவம் நடந்த இடம்னு மனுவுல என்னம்மா எழுதுவ?” என்று கேட்டார். மேரி என்றேன். “எந்த மேரி? பீச்சாண்ட இருக்கறதா?” என்று குமாஸ்தா கேட்க, அலுவலகமே சிரித்தது. சிரித்து முடித்து சீனியர் சொன்னதுதான் உண்மையில் தொல்லை. பாதிக்கப்பட்டது அந்த அம்மா. அவர் வர வேண்டும். நீ யார், உனக்கு இதில் என்ன சம்பந்தம்?

எனக்கு என்ன சம்பந்தம் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் மற்ற எல்லா வழியையும் தேடினேன். இப்போது யோசித்தால், அந்த ஒரு வழியில் போகாமல் இருப்பதற்காகவே மற்ற வழிகளைத் தேடினேன் போலிருக்கிறது.

போன வாரம் டயர் கடைக்காரரை மூலக்குளத்தில் பார்த்தேன். புதுக்கரையில் இப்போது பதினைந்து பேர்தான் வருகிறார்களாம். அக்கா ஞாயிறு ஐந்து மணிக்குத் தவறாமல் வந்து மேரியில் நிற்கிறாராம், இரண்டு வருடமாக. யாராவது வழக்கு பேசினால் பக்கத்தில் போய் நின்று கேட்கிறாராம். “பாவமா இருக்கும்மா. நம்ம பேசறதுக்கு அது தலைய மட்டும் இப்டித் திருப்பித் திருப்பிப் பாக்குது” என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். நகரத்தின் உரிமம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. உரிமையாளர் ‘தொடர்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். அக்காவால் அழுத்த முடியாது, வேறு பெயருக்கு மாற்றவும் ஒப்பந்தத்தில் இடமில்லை. அழுத்தாவிட்டால் நகரம் அழியும். கூடவே உரிமையாளரின் கணக்கும். அதாவது அக்கா குற்றவாளியாகவே முடிந்துபோவார், ஒரு வார்த்தை சொல்லாமல்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் ரெட்டியார்பாளையம் சிக்னல்.

அக்காவின் கணக்கால் பேச முடியாது. என் கணக்கால் முடியும். அந்த வழக்கில் புகார் கொடுத்தவள் நான். எனக்கு என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க முடியாது. நம் நாட்டு விதிப்படி இப்படிப்பட்ட நிறுவனங்கள் இங்கே ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். எழுதினால் பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். என் புகார் தவறு, கோபத்தில் கொடுத்தது, அவர் யாருக்கும் துணைபோகவில்லை, ஞாயிறுகளில் என்ன நடந்தது என்பதற்கு நான் சாட்சி, முடிவெடுக்கும் முன் அவரைப் பேசவிடுங்கள். பிறகு, மூன்று வாரம் ஒருவன் என் பின்னால் நின்றதையும் எழுத வேண்டியிருந்தது. அதை எழுதும்போது மறுபடி நாற்காலியைச் சுவரோரம் தள்ளினேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘உங்கள் பெயரும் வாக்குமூலமும் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும்.’ அதில் டிக் போடாவிட்டால் படிவம் நகராது. டிக் போட்டால் இரண்டு நிமிடத்தில் அக்காவின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். அவர் அலுவலகத்தில் யாருடைய தேதியையோ சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் என் பெயரைப் பார்ப்பார்.

அப்படி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் அனுப்பவில்லை, இன்னும். நாளைக் காலை அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போகிறேன். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், உட்காரச் சொல்வதற்கு முன்னால், குடிக்க ஏதாவது கொண்டுவருவதற்கு முன்னால். அங்கேயே நின்று, அவர் கண்முன்னால், என் போனில் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும்.